லிண்டன்பாக்கில் ஒரு திருப்பூர்க்காரி

செப்டம்பர் 4

இன்று ஆய்வுக்குழுவின் முதல் கூட்டம். பேராசிரியர் எங்கெல்ஹார்ட் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தினார். என் முறை வந்ததும், "இவங்க கருணா. நம்ம திருப்பூர்" என்றார். கருணாம்பிகையில் பாதியாவது வாயில் நுழைந்ததே என்று சிரித்து வைத்தேன்.

சுவரில் பெரிய ஐரோப்பா வரைபடம். நூற்பாலைகள் மூடிய ஊர்களெல்லாம் சிவப்பு. வெளிநாட்டவரை வெளியேற்று என்கிற கட்சி அதிக ஓட்டு வாங்கியதும் அதே ஊர்களில்தான். ஆசியாவிலிருந்து மலிவான துணி வந்தது, ஆலை மூடியது, வேலை போனவர்கள் கோபத்தில் அந்தக் கட்சிக்குப் போனார்கள். பேராசிரியர் பல வருடங்களாக எழுதிவரும் வாதம் இது. இதில் மலிவான துணியைப் பற்றிச் சொல்லத்தான் நான் வேண்டுமாம். கோயம்புத்தூரில் முனைவர் பட்டத்துக்கு ஐரோப்பிய அரசியல் படிக்கிறவள், தேர்வெழுதி உதவித்தொகை வாங்கி, நான்கு மாதம் ஜெர்மனியில் இருக்க வந்தது பனியன் கம்பெனியைப் பற்றிப் பேசுவதற்கு.

எனக்கும் ஒரு ஜெர்மன் ஊர் வேண்டும் என்று கேட்டேன்.

"மொழி ஒரு தடையா இருக்கும், கருணா."

"ஜெர்மன் படிச்சு சான்றிதழ் வாங்கினதுக்கப்புறம்தான் எனக்கு உதவித்தொகையே கொடுத்தீங்க."

"அது வேற. அந்த ஊர்க்காரங்க உங்ககிட்ட மனசுவிட்டுப் பேசமாட்டாங்க. உங்க பாதுகாப்பையும் நான் யோசிக்கணும் இல்லையா?"

"போன வருஷம் உங்க மாணவர்கள் திருப்பூருக்கு வந்தாங்க. ஒருத்தருக்கும் தமிழ் தெரியாது. ஆனா எங்க ஜனங்க மனசுவிட்டுப் பேசினதா உங்க அறிக்கையில இருக்கு."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசியில் லிண்டன்பாக் என்ற ஊரைக் கொடுத்தார். மூன்று வாரம் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். கிழக்கே, மலையடிவாரத்தில், யாரும் போக விரும்பாததால் மீந்திருந்த ஊர்.

செப்டம்பர் 6

வீட்டுக்காரர் பூபதியிடம் போனில் ஊர் மாறுகிற செய்தியைச் சொன்னேன்.

"ஏன் அம்மிணி, அவங்க சொன்னதையே செஞ்சுபோட்டு வரக்கூடாதா? நம்மூரப் பத்தி உனக்குத் தெரியாததா? கண்ண மூடிட்டு எழுதீரலாமே."

"அதுக்குத்தானுங்க எழுத மாட்டேங்கறன்."

"உனக்கு வீம்பு."

தன் பனியன் யூனிட்டில் மெஷின் ஓடும் சத்தத்துக்கு நடுவே பேசினார். தீபாவளி சரக்கு போக வேண்டுமாம். ஒரிசாப் பையன்கள் நான்கு பேர் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போய்விட்டார்களாம். "இந்த வடக்கத்திக்காரங்கள நம்பவே கூடாது. ஊரையே கெடுத்து வெச்சிருக்கறாங்க" என்றார். அவர் வேலை மும்முரத்தில் இருந்ததால் வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 10

லிண்டன்பாக். ரயிலிலிருந்து இறங்கியது நான் மட்டும். ரொட்டிக்கடைக்கு மேலே ஓர் அறை. ஜன்னலைத் திறந்தால் ஆலை. அஞ்சு மாடி செங்கல் கட்டடம், கூரையில் மரம் முளைத்திருக்கிறது. அரிசியும் பருப்பும் போட்டு ஒரே பாத்திரத்தில் வைத்துச் சாப்பிட்டேன். நன்றாக வந்தது.

செப்டம்பர் 12

வீடு வீடாகப் போனேன். பலர் கதவைத் திறக்கவில்லை. திறந்தவர்கள் நேரமில்லை என்றார்கள். ஒருவர் வேறொன்று சொன்னார். அதை இங்கே எழுத வேண்டியதில்லை. வெயில் நன்றாக அடித்தது.

செப்டம்பர் 13

காலையில் அறைக் கதவின் கைப்பிடியில் யாரோ துப்பியிருந்ததைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். கதவையும் கழுவினேன். ரொட்டிக்கடைக்காரம்மா வந்து பார்த்துவிட்டு, இன்னொரு வாளி வெந்நீர் கொண்டுவந்து வைத்தார். பயமெல்லாம் இல்லை. பூட்டு நன்றாகத்தான் விழுகிறது, இரண்டு தடவை பார்த்தேன்.

செப்டம்பர் 16

சந்தைச் சதுக்கத்தில் ஒரு முடிதிருத்தும் கடை. நடத்துகிறவள் பெயர் மேண்டி ரைஷெல்ட். நகரசபை உறுப்பினரும்கூட. எந்தக் கட்சி என்று சொல்ல வேண்டியதில்லை, வாசல் கண்ணாடியிலேயே சுவரொட்டி ஒட்டியிருக்கிறது: "எங்கள் வேலை, எங்கள் ஊர், எங்களுக்கே." நான் வரைபடத்தில் பார்த்த சிவப்புக்கு ஒரு முகம் இருந்தால் அது இவள்தான் என்று உள்ளே போனேன்.

"நேர்காணலா? எனக்கு நேரமில்ல."

"எப்ப இருக்கும்?"

"முடி வெட்டிக்க வர்றவங்களுக்கு மட்டும்தான் இங்க நேரம். சும்மா நிக்கிறவங்களுக்கு இடமில்ல."

காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்து பின்னலை அவிழ்த்தேன். இடுப்புக்குக் கீழே விழுந்தது. காத்திருந்த இரண்டு பெண்கள் பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். மேண்டி கையில் எடுத்து எடைபோடுகிற மாதிரி தூக்கிப் பார்த்தாள்.

"எவ்வளவு வெட்டணும்?"

"நுனி மட்டும். அதுக்கு மேல வெட்டினா எங்கம்மா என்னை வீட்டுக்குள்ள விடமாட்டாங்க."

அவள் சிரித்துவிட்டாள். பிறகு சிரித்ததற்காக எரிச்சல்பட்டவள் போல முகத்தை இறுக்கிக்கொண்டு, "கேளுங்க" என்றாள்.

அரை அங்குலம் வெட்ட ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டாள்.

செப்டம்பர் 19

வேறு வழியில்லை, வாடிக்கையாளராகிவிட்டேன். இன்று தலை அலசிக்கொண்டேன். தலையைத் தொட்டியில் சாய்த்துக்கொண்டு கேள்வி கேட்பது எந்த ஆய்வு முறையிலும் இல்லை. ஆனால் பக்கத்து நாற்காலிப் பெண்களும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். நான் கேட்டால்தான் பதில் என்பதில்லை, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

செப்டம்பர் 24

மேண்டியிடம் முதல் சண்டை.

"எங்க ஆலையைத் தின்னது உங்க ஊருதானே?" என்றாள், என் தலையைத் துவட்டிக்கொண்டே.

"ஆலை எந்த வருஷம் மூடினாங்க?"

"தொண்ணூத்தொண்ணு."

"எங்க துணி தாராளமா உள்ள வர ஆரம்பிச்சது அதுக்கு ரொம்பப் பின்னாடி. அதுவரைக்கும் இவ்வளவுதான் அனுப்பலாம்னு உங்க ஆளுங்களே அளவு போட்டு வெச்சிருந்தாங்க."

துவட்டுவதை நிறுத்தினாள். கண்ணாடியில் என்னையே பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"தெரியும்" என்றாள்.

"தெரியுமா? அப்புறம் வாசல் கண்ணாடியில அது என்ன?"

"சுவரொட்டியில வேற எப்படி எழுத முடியும்? மேற்கு ஜெர்மனியிலேருந்து ஒரு கம்பெனி வந்து ஆலையை வாங்குச்சு, வாடிக்கையாளர்களை மட்டும் எடுத்துக்கிட்டு ஆலையைப் பூட்டிருச்சுன்னு எழுதினா யாரு நின்னு படிப்பாங்க? அந்தக் கம்பெனிக்காரன் இங்க இருந்தாலாவது கல்லு எறியலாம். அவன் இல்ல. நீங்கதான் இருக்கீங்க."

அதை அப்படியே ஒலிப்பதிவு செய்திருக்கிறேன். அவளும் கருவியைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள்.

அவளுடைய அம்மா நூல் சுற்றும் பிரிவில் இருந்தாராம். ஒரு வெள்ளிக்கிழமை மதியம், சாப்பாட்டுக் கூடத்தில் கோட்டுப் போட்ட இரண்டு பேர் வந்து, திங்கட்கிழமை முதல் ஆலை கிடையாது என்று படித்துவிட்டுப் போனார்கள். பெண்கள் திரும்பிப் போய், வெள்ளிக்கிழமை என்பதால் வழக்கம்போல மெஷினைத் துடைத்து எண்ணெய் விட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள். "எங்கம்மாகிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கல. அப்ப இருந்து எங்களை யாரும் எதுவும் கேட்டதில்ல" என்றாள் மேண்டி.

செப்டம்பர் 30

ரொட்டிக்கடைக்காரம்மா, பழைய ஆலைத் தீயணைப்பாளர், பள்ளி ஆசிரியை, மூன்று ஓட்டுநர்கள். எல்லோரும் பேசுகிறார்கள். எல்லோரிடமும் அந்த ஒரே வார்த்தை: எங்களைக் கேட்கவில்லை. பேராசிரியரின் அட்டவணையில் துணி இறக்குமதிக்கு ஒரு கட்டம் இருக்கிறது. இதற்குக் கட்டமே இல்லை.

பேராசிரியருக்கு எழுதினேன். மூன்று வாரத்தை டிசம்பர் வரை நீட்டித்துப் பதில் வந்தது. "மிக வளமான தரவு" என்று பாராட்டியிருக்கிறார்.

அக்டோபர் 5

இன்று கேள்வி கேட்டது மேண்டி.

"உங்க ஊரு ஆலைகள்ல யாரு வேலை செய்யறாங்க? உங்க ஆளுங்களேவா?"

"முன்னாடி. எங்கம்மா துணி செக்கிங்ல இருந்தாங்க. இப்ப வடக்கேருந்து நிறைய பேர் வர்றாங்க. ரெண்டு நாள் ரயில்ல."

"அவங்க பாஷை வேறயா?"

"வேற."

"உங்க ஊர்க்காரங்க அவங்களைப் பத்தி என்ன பேசிக்கிறாங்க?"

இன்னொரு வாடிக்கையாளர் வந்துவிட்டார். நல்லதாகப் போயிற்று. அறைக்கு வந்து போர்வை, திரைச்சீலை எல்லாம் எடுத்துத் துவைத்தேன். அவையெல்லாம் சுத்தமாகத்தான் இருந்தன.

அக்டோபர் 13

சந்தைச் சதுக்கத்தில் கட்சிக் கூட்டம். மேண்டி மேடையில். ஒலிப்பதிவுக் கருவியோடு கூட்டத்தின் நடுவில் நின்றேன். ஓரத்தில் நின்றிருக்கலாம்தான். ஆனால் ஓரத்தில் நின்றால் எனக்குக் கேட்காது.

"நம்மைக் கேட்காமல் வெளிநாட்டுக்காரர்களை அனுப்புகிறார்கள், ஆள் ஆளாக, ரயில் ரயிலாக" என்று அவள் பேசிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து ஒருவன் தோளைப் பிடித்துத் தள்ளினான். கல்தரையில் முழங்கை ஊன்றி விழுந்தேன். மேண்டி பார்த்தாள். ஒரு நொடி பேச்சு நின்றது. பிறகு தொடர்ந்தாள்.

எழுந்து நின்றேன். கருவி ஓடிக்கொண்டுதான் இருந்தது. கூட்டம் கலையும் வரை அதே இடத்தில் நின்றேன்.

அம்மாவிடம் படியில் இடித்துக்கொண்டேன் என்று சொல்லியிருக்கிறேன். "பாத்து எறங்கு கண்ணு, மஞ்சப்பொடி இருக்குதா அங்க?" என்றார்.

அக்டோபர் 14

கடை திறந்ததுமே போனேன். நாற்காலியில் உட்காரவில்லை.

"ஏன் பேச்சை நிறுத்தல?"

மேண்டி தரையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். "நிறுத்தியிருந்தா எனக்கு அடுத்த தேர்தல் கிடையாது."

"இதைப் பதிவு பண்ணிக்கறேன்."

"பண்ணிக்குங்க." துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள். "என்கிட்ட மன்னிப்பு எதிர்பாக்காதீங்க. நான் நினைச்சதைத்தான் பேசினேன்."

"நான் மன்னிப்பை எதிர்பாத்து வரல. நேர்காணல் இன்னும் முடியல. இன்னைக்கு நகரசபை பட்ஜெட் பத்திக் கேக்கணும்."

மேண்டி கடைக்கதவில் "மூடப்பட்டது" பலகையைத் திருப்பிவிட்டு, பின்னறையிலிருந்து பஞ்சும் மருந்தும் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். தடவிவிடவெல்லாம் இல்லை. நானே போட்டுக்கொண்டேன். பட்ஜெட் பற்றி இரண்டு மணி நேரம் பேசினோம். இவள் ஓட்டுப் போட்டு நிறுத்திய பேருந்துத் தடத்தைப் பற்றியும் கேட்டேன். வசமாக மாட்டிக்கொண்டாள்.

அக்டோபர் 29

பேராசிரியரிடமிருந்து மின்னஞ்சல். நேர்காணல் பதிவுகள் அனைத்தையும் அனுப்பிவைக்க வேண்டும். யோனாஸ் ஆய்ந்து எழுதுவார். கட்டுரையின் நன்றியுரையில் "களப்பணி உதவி" என்று என் பெயர் வரும். நவம்பர் மாநாட்டில் எனக்குப் பத்து நிமிடம், தலைப்பு: திருப்பூர், ஓர் அறிமுகம்.

யோனாஸ் நல்ல பையன். குழுவில் இளையவன். லிண்டன்பாக்குக்கு ஒரு நாள்கூட வந்ததில்லை.

பதில் எழுதினேன்: பதிவுகள் என்னிடம் பேசியவர்கள் எனக்குத் தந்தவை. கட்டுரையை நான் எழுதுவதாக இருந்தால் தருகிறேன். மூன்று தடவை மாற்றி எழுதினேன், ஒவ்வொரு தடவையும் இன்னும் சின்னதாயிற்று.

அக்டோபர் 31

பேராசிரியரே தொலைபேசியில் கூப்பிட்டார். கோபமே இல்லை. அதுதான் கஷ்டம்.

"கருணா, இது அதிகாரப் பிரச்சினை இல்ல. இந்த நாட்டோட அரசியலைப் புரிஞ்சுக்கிறதுக்கு ஒரு பின்னணி வேணும். உங்க பலம் வேற இடத்துல இருக்கு. ஐரோப்பாவை எங்ககிட்ட விடுங்க."

"உங்க பலமும் வேற இடத்துலதான் சார் இருந்திருக்கும். நீங்க திருப்பூரை எங்ககிட்ட விடலையே."

உதவித்தொகையை வசந்தகாலம் வரை நீட்டிக்கும் பேச்சு இருந்தது, இனி அது கடினம் என்றார். வைத்துவிட்டார். கத்திரிக்காய் வாங்கி வந்திருந்தேன். வதக்கும்போது அடிப்பிடித்துவிட்டது.

நவம்பர் 2

பூபதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"அந்தப் பதிவுகளக் குடுத்துப்போட்டீனா என்ன ஆகும்?"

"நம்ம துணியாலதான் அவங்க ஆலை போச்சுன்னு எழுதுவாங்க. அங்க யாருமே அப்படிச் சொல்லலைங்க."

"அப்பக் குடுக்காத" என்றார். வைப்பதற்கு முன், "சீக்கிரம் வந்து சேரு. எங்கம்மாவுக்கு எத்தன நாளைக்குத்தான் சாக்கு சொல்றது" என்றார்.

நவம்பர் 21

மாநாடு. பெரிய கூடம், நான்கைந்து நாட்டிலிருந்து வந்திருந்தார்கள். திரையில் என் பெயரும் "திருப்பூர், ஓர் அறிமுகம்" என்ற தலைப்பும். மேடையேறி முதல் வேலையாகத் தலைப்பை மாற்றினேன்: லிண்டன்பாக்கின் கோபம்.

முன்வரிசையில் பேராசிரியர் காலை மாற்றிப் போட்டுக்கொண்டார்.

ஆலை மூடிய வருடத்தையும் இறக்குமதி ஏறிய வருடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பிறகு குரல்களைச் சொன்னேன். அவர்களைப் பாவம் என்று சொல்லவில்லை. தங்களுக்கு உண்மை தெரிந்தே இன்னொருவர்மேல் பழி போடுகிறார்கள், அந்தப் பழியைச் சுமப்பவர்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார்கள் என்பதுதான் காரணம் என்று சொன்னேன். அதோடு நிறுத்தத்தான் நினைத்திருந்தேன். வாய் நிற்கவில்லை.

"இதைப் புரிஞ்சுக்க எனக்கு ஐரோப்பியப் பின்னணி தேவைப்படல. என் வீட்டிலேயே இது இருக்கு. எங்க ஊருக்கு வடக்கிலிருந்து வேலைக்கு வர்றவங்களைப் பத்தி என் வீட்டுக்காரர் பேசறதும், லிண்டன்பாக் மேடையில பேசினதும் ஒரே வாக்கியம். நான் அதைக் கேட்டும் பதில் சொல்லாம போனை வெச்சவ."

கேள்வி நேரத்தில் பேராசிரியரே எழுந்தார். "ஒரே ஓர் ஊரை வைத்துக்கொண்டு ஒரு கோட்பாட்டை மறுக்க முடியுமா? அதுவும், வெளிநாட்டவரான உங்களிடம் அவர்கள் உண்மையைத்தான் சொன்னார்கள் என்று எப்படித் தெரியும்?"

"ஒரே ஊர்தான். அந்த ஒரு ஊர்ல உங்க கோட்பாடு நடக்கல. அவ்வளவுதான் சொல்றேன். இரண்டாவது கேள்வி நல்ல கேள்வி. திருப்பூர் பத்தி நீங்க வெளியிட்ட கட்டுரைகளுக்கும் அதைக் கேட்டீங்களா?"

பின்வரிசையில் யாரோ கைதட்டினார். ஒருவர்தான். மற்றவர்கள் காகிதம் புரட்டினார்கள். மேடையிலிருந்து இறங்கியதும் கோட்டைப் போட்டுப் பொத்தானையெல்லாம் மாட்டிக்கொண்டேன். கூடத்தில் குளிர் அதிகம்.

நவம்பர் 22

மாநாட்டை இணையத்தில் ஒளிபரப்பினார்கள் என்பது எனக்குத் தெரியாது. பூபதி யூனிட்டில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்.

"நான் பேசுனத மேடையில சொல்லிப்போட்ட."

"ஆமாங்க."

"பேரு சொல்லுல."

"சொல்லோணுமா?"

யாரையோ கூப்பிட்டு மெஷினை நிறுத்தச் சொன்னார். சத்தம் அடங்கியது.

"அந்தாளு கேள்வி கேட்டுப்போட்டு உக்கார்றப்ப மூஞ்சி போன போக்கிருக்குதே" என்றார். "பசங்களுக்கெல்லாம் காட்டுனன். ஒரிசாப் பையன் ஒருத்தனுக்கு இங்கிலீசு தெரியுதாமா. அவந்தான் எனக்கே பாதி அர்த்தம் சொன்னான். அந்த வடக்கத்திக்காரங்க பேச்சு வந்துதுல்ல, அதையும் சொன்னான்."

"என்ன சொன்னீங்க அவங்கிட்ட?"

"என்னத்தச் சொல்றது? டீ வாங்கியாறன்னு சொல்லிப்போட்டு நாந்தான் எந்திரிச்சுப் போனன்."

நவம்பர் 27

உதவித்தொகை டிசம்பரோடு முடிகிறது என்று கடிதம். கட்டுரையில் திட்டத்தின் பெயரைப் பயன்படுத்தக் கூடாது. திருப்பூர் பகுதிக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்வார்கள். சரி.

டிசம்பர் 18

லிண்டன்பாக்கில் கடைசி நாள். கட்டுரையின் வரைவை ஜெர்மனில் எழுதி, பேசிய எல்லோருக்கும் பிரதி கொடுத்தேன். தவறிருந்தால் சொல்லுங்கள் என்றேன். மேண்டி கைகுலுக்கவில்லை. கை முழுக்கச் சாயம். ரயில் நிலையம் வரை ஏன் நடந்து வந்தாள் என்று தெரியவில்லை, வழியெல்லாம் சாலை மராமத்தைப் பற்றித்தான் பேசினாள்.

ஜனவரி 7, அவினாசி

மதியம் மேண்டி கூப்பிட்டாள். வணக்கம்கூட இல்லை.

"படிச்சேன். என்னைப் பொய் சொல்றவளா எழுதியிருக்கீங்க."

"நீங்க சொன்னதைத்தான் எழுதியிருக்கேன். பதிவு இருக்கு."

"வார்த்தை என்னோடது. அதைச் சுத்தி நீங்க கட்டின வீடு என்னோடதில்ல. கோட்டுப் போட்டு வந்த அந்த ரெண்டு பேருக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்? நீங்களும் வந்தீங்க, எங்களைப் பத்தி ஒண்ணு படிச்சீங்க, போயிட்டீங்க."

அது எனக்கு உறைத்தது. எப்படி உறைத்தது என்று எழுத இப்போது வரவில்லை.

"நான் படிக்கக் குடுத்துட்டு, சரியான்னு உங்களைக் கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றேன். "என் முடிவை மாத்த மாட்டேன். உங்க மறுப்பை நீங்களே எழுதுங்க. ஒரு எழுத்து குறைக்காம அதே கட்டுரையில போடறேன்."

"என் பேரோட?"

"ஆய்வு விதிப்படி பேரை மறைக்கணும்."

"மறைச்சா நான் சொன்னது எவளோ சொன்னதாயிடும். என் பேரைப் போடு."

ஜெர்மனில் அவள் என்னை நீ என்றது இதுவே முதல் தடவை. சண்டையின் நடுவே என்பதால் நான் கண்டுகொள்ளவில்லை. நானும் நீ என்றே பதில் சொன்னேன்.

ஜனவரி 15

கோயம்புத்தூரில் கல்லூரியின் நெறிமுறைக் குழு மேண்டியின் எழுத்துமூலமான சம்மதத்தைப் பார்த்துவிட்டு அனுமதித்தது. பூபதி திரையை எட்டிப் பார்த்தார்.

"அவ உன்னையத் திட்டி எழுதியிருக்கறத நீயே போடறயா?"

"ஆமாங்க."

"அப்பறம் நீ சொன்னதுக்கு என்ன மருவாதி?"

"அதும் அங்கயேதானுங்க இருக்குது."

என் பெயரில், என் ஒருத்தி பெயரில், ஆய்விதழுக்கு அனுப்பிவிட்டேன். கடைசிப் பக்கம் இப்படி முடிகிறது:

"இந்தப் பெண் எங்கள் ஊரில் மூன்று மாதம் இருந்தார். ஆலையைப் பற்றி எழுதியது சரி. வருடங்கள் சரி. எங்களைப் பற்றி எழுதியது தவறு. உண்மை தெரிந்தும் பழி போடுகிறோம் என்கிறார். நாங்கள் பழி போடவில்லை, எங்கள் ஊரைக் காப்பாற்றுகிறோம். அடுத்த தேர்தலிலும் நிற்பேன், ஜெயிப்பேன். இவர் திரும்பி வந்து கேள்வி கேட்கட்டும். — மேண்டி ரைஷெல்ட், நகரசபை உறுப்பினர், லிண்டன்பாக்."

"ஆசிரியர் பதில்: படித்தேன். என் முடிவில் மாற்றமில்லை. தேர்தலுக்கு வருகிறேன். — கருணாம்பிகை, அவினாசி."